அலசி முடித்த பிறகுதான் நிறம்

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஐஸ் என்றால் அது மீனுக்குத்தான். பழவேற்காட்டு ஏரியில் பிடிபடும் இறாலும் நண்டும் மடவையும் கரையேறியதும் ஐஸுக்குள் போய்விட வேண்டும். தாமதித்தால் விலை போகாது. சாக்கு போர்த்திய வண்டியில் பார் பாராக வரும் ஐஸை உடைத்து, பெட்டிகளில் மீனோடு மாற்றி மாற்றி அடுக்குவார்கள். அப்படி ஐஸ் விற்கும் ஒருவரிடம் அரை பார் கேட்டபோது, "எத்தினி கிலோ மீனும்மா?" என்றார். மீனுக்கு இல்லை, துணிக்குச் சாயம் போட என்றேன். என் பின்னால் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் உடைத்துத் தந்தார். "வாயில போட்டுக்காதீங்க, இது குடிக்கிற தண்ணி இல்ல" என்று பிள்ளைகளிடம் மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். அதையே நானும் ஒவ்வொரு முறையும் முதல் வார்த்தையாகச் சொல்கிறேன்.

நான் ஏற்றுமதித் துணிகளுக்குச் சாயம் போடும் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். வெளிநாட்டிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துணித்துண்டு வரும். அதே நிறம் கிடைக்கும் வரை சிறு குடுவைகளில் சாயம் கலந்து, துணியில் ஏற்றிப் பார்த்து, விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். லேப் டிப் என்போம். மூன்று சாயங்களைக் கலந்தால் மூன்றும் ஒரே வேகத்தில் பருத்திக்குள் ஏற வேண்டும். ஒன்று முந்திக்கொண்டு இன்னொன்று பின்தங்கினால் துணி திட்டுத்திட்டாகிவிடும். லாட் முழுவதும் ரிஜெக்ட். ஐஸ் சாயத்தில், அதாவது துணிமேல் ஐஸை அடுக்கிச் சாயப்பொடியைத் தூவி உருகவிடுவதில், இது தலைகீழ். சாயங்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, தனித்தனி வழியில் ஓட வேண்டும். அப்படி ஓடினால்தான் அதற்கு அழகு. ஆய்வகத்தில் எந்தக் குறையைத் தவிர்க்கப் படாதபாடு பட்டேனோ, அதே குறையை வேண்டும் என்று உண்டாக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். வேலையை விட்ட பிறகு கவரைப்பேட்டைக்கும் ஆரம்பாக்கத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் விடுமுறை நாட்களில் இதைச் செய்து வருகிறேன்.

செய்வது பரிசு கட்டும் துணி. பள்ளிக்கூடப் பிறந்தநாள், ஆசிரியர் தினம், கிறிஸ்துமஸ், புதுமனைப் புகுவிழா என்று எதற்கும் இப்போது பளபளக்கும் தாளில்தான் பரிசைச் சுற்றுகிறோம். அந்தப் பளபளப்புத் தாளில் பெரும்பகுதி தாளே இல்லை, பிளாஸ்டிக் படலம். பழைய பேப்பர்க்காரர்கூட எடுத்துக்கொள்ள மாட்டார். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்த தடைப்பட்டியலில், இனிப்புப் பெட்டியையும் அழைப்பிதழையும் சுற்றும் பிளாஸ்டிக் படலமும் இருக்கிறது. மஞ்சப்பையைப் பற்றிப் பிள்ளைகளிடம் கேட்டால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கல்யாண வீட்டுத் தாம்பூலப்பை துணியில் கிடைத்தாலும், பரிசு மட்டும் ஜிகினாத் தாளில் போனால்தான் பரிசு என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அவர்களிடம் பிளாஸ்டிக்கின் தீமையைப் பற்றிப் பேசுவதை நான் நிறுத்திவிட்டேன். ஜிகினாவைவிட அழகான ஒன்று அவர்கள் கையாலேயே உருவாக வேண்டும், அதற்குத்தான் ஐஸ்.

வரும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அப்பாவோ அம்மாவோ சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. இரும்பு உருக்கும் ஆலை, வாகன உதிரிபாகம், ரசாயனம், பெட்டி அடைக்கும் வேலை என்று பல. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் உண்டு. 1990 முதல் இங்கே இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் உண்டு. ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்தும் வருவார்கள். "உங்க அப்பா என்ன செய்யறாரு?" என்று ஒருமுறை கேட்டபோது ஒரு பையன், "போல்ட்டு முடுக்குவாரு" என்றான். எதில் என்று கேட்டேன். தெரியாது என்றான். பிறகு வீட்டில் கேட்டு வந்து, அப்பாவுக்கும் தெரியாதாம் என்றான். அவர் கைக்கு வரும்போது அது ஒரு தகடு. கையை விட்டுப் போகும்போதும் தகடுதான். அவன் அதை வருத்தமாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னான். எனக்கு அது மனத்தில் தைத்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு முடிவு: துணியைக் கிழிப்பதில் தொடங்கி பரிசைக் கட்டிக் கொடுப்பது வரை ஒரு பிள்ளையின் துணி அந்தப் பிள்ளையின் கையை விட்டுப் போகக்கூடாது. ஐஸ் போடுகிற வேடிக்கைக்கு மட்டும் வந்துவிட்டு, மறுநாள் அலசிய துணியை வாங்கிப் போக வருவதற்கு என்னிடம் இடமில்லை.

துணியிலிருந்து ஆரம்பிக்கலாம். பருத்தி மட்டும்தான், பாலியெஸ்டர் கலந்திருந்தால் இந்தச் சாயம் சரியாக ஏறாது. சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிப் பெரியவர் ஒருவர் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: பருத்தி, தாள் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டை கட்டும். நான் வாங்குவது காடாத்துணி. வெளுக்காதது, விலை குறைவு, முடிச்சுப் போட்டால் பிடித்து நிற்கும். முடிந்தபோது மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தறியில் நெய்த துணியும் வாங்குகிறேன். இந்த மாவட்டம் நெசவுக்குப் பேர்போனது என்பதே கிழக்குப் பகுதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டிக் குந்தியதே துணிக்காகத்தான். சோழமண்டலக் கரைத் துணியைக் கப்பலில் ஏற்றி ஜாவாவுக்கும் மொலுக்கஸ் தீவுகளுக்கும் கொண்டுபோய், அதைக் கொடுத்துக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். கடைகளில் இன்றும் 'பாலையக்காட்' லுங்கி என்று விற்பது இந்தப் பழவேற்காட்டின் பெயரில்தான். ஏரிக்கரைப் பையன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, தன் தாத்தா கட்டியிருக்கும் லுங்கியின் லேபிளைப் பார்க்க ஓடினான்.

கடையிலிருந்து வந்த துணியில் கஞ்சி இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சலவைத் தூளும் கொஞ்சம் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து எடுக்க வேண்டும். தண்ணீர் கள்ளிச்சொட்டுக் காப்பி நிறத்தில் வரும். இதைச் செய்யாத துணியில் சாயம் மேலோடு நின்றுவிடும். துணி சுருங்குவதும் இப்போதே சுருங்கி முடிந்துவிடும். காய்ந்ததும் கிழிக்கலாம். கத்தரி வேண்டாம், ஓரத்தில் ஒரு வெட்டு கொடுத்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நூல் போகும் போக்கில் நேராகக் கிழியும். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் சண்டை போடுவார்கள். 112 சென்டிமீட்டர் பன்னாத் துணியில் ஒரு மீட்டர் எடுத்தால் 50 சென்டிமீட்டர் சதுரம் நான்கு வரும். மிஞ்சும் 12 சென்டிமீட்டர் பட்டையைச் சிறு நாடாக்களாகக் கிழித்துக்கொள்ளலாம். ஒரு துளியும் வீணில்லை.

ஓரம் மடித்துத் தைப்பதைச் சாயத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். எங்களுக்கு அதைத் தையல் தெரிந்த அம்மாக்கள் சொல்லித் தருகிறார்கள். சாதாரணத் தையல் நூல்கண்டு பாலியெஸ்டர். துணி முழுதும் நீலமும் ஊதாவுமாக மாறிய பிறகும் அந்தத் தையல் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும். பருத்தி நூலில் தைத்தால் நூலும் சேர்ந்து நிறம் மாறும். இரண்டையும் செய்து காட்டிப் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். சின்னப் பிள்ளைகளுக்கு வெள்ளைக்கோடுதான் பிடிக்கிறது, தாங்கள் தைத்தது கண்ணுக்குத் தெரிகிறதல்லவா.

அடுத்தது சோடா. ஆப்பத்துக்குப் போடும் சோடா இல்லை. துணிக்குப் போடும் சோடா ஆஷ். லிட்டர் தண்ணீருக்கு 50, 60 கிராம். கடையில் கண்ணாடிக் கட்டி போல் கிடைக்கும் சலவை சோடாவாக இருந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், ஆகவே இரண்டரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். துணியைக் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழிய வேண்டும். கை அரிக்கும், கையுறை இல்லாமல் எந்தப் பிள்ளையும் வாளிக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

எங்கள் பகுதியில் தண்ணீரே ஒரு பாடம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை ஆண்டுக்கணக்காக அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. போர் தண்ணீர் உப்பு. கடல்நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்கு ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை 2010-இல் காட்டுப்பள்ளியில் வந்ததும் இதே கரையில்தான். உப்பும் சுண்ணமும் மிகுந்த போர் தண்ணீரில் சோடாவைப் போட்டதும் வாளி முழுதும் வெள்ளையாகக் கலங்கும். அடியில் மாவாகப் படியும். சோடாவில் ஒரு பங்கு சுண்ணத்தோடு சேர்ந்து போய்விட்டது என்று அர்த்தம். படிந்த மாவு துணியில் ஒட்டினால் நிறம் மங்கும். அதனால் சோடா வாளிக்கு மட்டும் கேன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ. இரண்டு வாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். "எங்க வீட்டுத் தண்ணியில சோப்பு நுரையே வராதுக்கா, இதுக்குத்தானா?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம், இதற்குத்தான்.

சாயப்பொடி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நாங்கள் பயன்படுத்துவது ரியாக்டிவ் சாயத்தில் கோல்டு (cold) பிராண்ட் என்கிற வகை. கொதிநீர் தேவைப்படாமல் சாதாரண வெப்பத்திலேயே பருத்தியைப் பிடித்துக்கொள்வது. துணியில் ஏறிய பிறகு தொல்லை இல்லை. ஆனால் பொடியாகக் காற்றில் பறக்கும்போது மூச்சில் போகக் கூடாது. சாயப்பட்டறைகளில் வருடக்கணக்கில் அந்தப் பொடியைச் சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா வருவது மருத்துவம் அறிந்த செய்தி. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு சிட்டிகைப் பொடி போதும், மூச்சு இழுக்கும். எனவே டப்பாவைத் திறப்பது நான் மட்டும், முகக்கவசத்தோடு. உப்புத் தூவும் குப்பியில் பொடியை நிரப்பிக்கொண்டு, காற்று ஓய்ந்த இடமாகப் பார்த்து நிற்பேன். பிள்ளைகள் நாலடி தள்ளி, காற்று வரும் திசையில் நின்றுகொண்டு, "அங்க நீலம்... போதும் போதும், இந்த மூலைல மஞ்சள்" என்று கை காட்டுவார்கள். எங்கே எது விழ வேண்டும் என்பது அவர்கள் முடிவு. எட்டு வயதுக்குக் கீழே என்றால் அதுவும் இல்லை: முந்தைய நாளே சாயத்தைத் தண்ணீரில் கரைத்து, இதற்கென்றே ஒதுக்கிய தட்டில் உறைய வைத்து, வண்ண ஐஸ் கட்டிகளாகக் கொண்டுவந்து தருவேன். கையுறையோடு எடுத்துத் துணிமேல் அடுக்கினால் போதும். நிறம் அவ்வளவாகப் பிரியாது, ஆனால் பொடி பறக்காது. இந்த வேலைக்கு வந்த பாத்திரமும் கரண்டியும் மறுபடி சமையலறைக்குப் போகாது.

ஐஸ் வைக்கும் முன்பு துணியை மடிக்க வேண்டும். விசிறி மடிப்பு, சுருட்டல், நடுவில் பிடித்து முறுக்கல், ரப்பர் பேண்டில் கட்டல். கட்டிச் சாயம் போடுவது நமக்குப் புதிதில்லை. மதுரைச் சுங்குடிச் சேலையில் ஒவ்வொரு புள்ளியும் விரல் நுனியில் துணியைக் கிள்ளி நூலால் கட்டிய முடிச்சு. சௌராஷ்டிரச் சமூகத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வந்தது. 2005-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஒரு சுங்குடிச் சேலையைக் கொண்டுபோய் விரித்துக் காட்டுவேன். கடுகும் மிளகும் முடிச்சுக்குள் வைத்துக் கட்டிப் பார்ப்போம். முகாமிலிருந்து வரும் ஒரு சிறுமி வேகமாகவும் இறுக்கமாகவும் கட்டுவாள். மற்றவர்கள் அவளிடம் கொண்டுபோய் நீட்டுவார்கள், கட்டித் தர மாட்டாள், எப்படிக் கட்டுவது என்று மட்டும் சொல்வாள்.

மடித்த துணியை ஓட்டை உள்ள காய்கறி கிரேட்டில் வைத்து, கிரேட்டை ஒரு டப் மேல் நிறுத்துகிறோம். உருகி வரும் தண்ணீரில் துணி ஊறக்கூடாது. ஊறினால் எல்லா நிறமும் கலந்து சேற்று நிறம் வரும். துணி மறையும் அளவுக்கு இரண்டு மூன்று அங்குலம் உடைத்த ஐஸ், அதற்கு மேல் பொடி. ஒரு சதுரத்துக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகப் பொடி இருந்தால் போதும். பெரிய கட்டியாக இருந்தால் நிறம் அகல அகலமாகப் படரும். நொய்யாக இருந்தால் பொடிப் பொடியாகத் தெறிக்கும்.

அக்னி நட்சத்திர வெயிலில் ஐஸ் நிற்காது. ஈரச் சாக்கு, மரத்தூள் என்று போர்த்தி வைத்திருப்பதை எடுத்து எடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த மரத்தூளைக் காட்டித்தான் மெரினாவின் ஐஸ் ஹவுஸ் கதையைச் சொல்வேன். பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றினார். 1833-இல் கல்கத்தாவுக்கு முதல் சரக்கு வந்தது. சென்னைக்கு வந்ததைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். "அமெரிக்காலேர்ந்து வர்றதுக்குள்ள கரையலியா?" என்று அத்தனை பேரும் கேட்பார்கள். கரையத்தான் செய்தது, ஆனால் லாபத்துக்குப் போதுமான அளவு மிஞ்சியது. கதை முடிவதற்குள் சாக்கை இழுத்து ஐஸை நன்றாகப் போர்த்திவிடுவார்கள்.

பிறகு பார்த்துக்கொண்டிருப்பதுதான். கடையில் வாங்கும் ஊதா ஒரே சாயமாக இருப்பது அரிது. கறுப்பும் பழுப்பும் அப்படித்தான், இரண்டு மூன்று சாயங்களின் கலவை. ஐஸ் மெதுவாக உருக, ஒவ்வொரு சாயமும் தன் வேகத்தில் கரைந்து இறங்கும். இளஞ்சிவப்பு விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். டர்க்காய்ஸ் நீலம் நிதானமாக வெளியே நகரும். கறுப்பு என்று தூவிய இடத்தில் செம்பும் நீலமும் பச்சைக் கீற்றும் எழும்போது, கறுப்பைக் கேட்டு வாங்கிய பையன், "நான் கறுப்புதானே கேட்டேன்" என்று என்னைச் சந்தேகத்தோடு பார்ப்பான். டப்பாவைக் காட்டுவேன். கறுப்புக்குள் என்னென்ன இருந்தன என்பதை அவனுக்குத் துணியே சொல்லும்.

உருகி முடிந்ததும் அவசரப்படக் கூடாது. கோல்டு பிராண்ட் என்று பேர் இருந்தாலும் ஐஸ் குளிரில் அது பிடிக்காது. துணி அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் வேலையே நடக்கும். நம் ஊர் வெயில் இதற்கு வரப்பிரசாதம். காயாமல் இருக்க ஒரு பழைய பிளாஸ்டிக் விரிப்பால் மூடி இரவு முழுதும் விட்டால் நன்றாகப் பிடித்துவிடும். அந்த நேரத்தில் பெரிய பிள்ளைகளுக்குச் சாயத்தின் கதை. 1856-இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியா மருந்து செய்யப் போய், கைதவறிக் கிடைத்த ஊதா நிறந்தான் முதல் செயற்கைச் சாயம். சரியாக நூறு வருடம் கழித்து, 1956-இல், இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் பருத்தியோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்ளும் சாயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ராட்டீ, ஸ்டீபன் என்ற இருவர் கண்டுபிடித்தது. எங்கள் டப்பாவில் இருப்பது அந்த வம்சந்தான்.

மறுநாள்தான் உண்மையான வேலை. ஐஸ் நாளன்று ஆர்ப்பாட்டம் செய்தவர்களில் சிலர் மறுநாள் காலை சோம்பலாக வருவார்கள். அலசுவது வீட்டில் அம்மா செய்கிற வேலை என்ற எண்ணம், ஆண்பிள்ளைகளுக்குக் கூடுதலாக. சாயத்தொழிலில் பாதிக்கு மேல் அலசல்தான் என்பதை அவர்களுக்குப் புரியவைக்க நான் கும்மிடிப்பூண்டி லோக்கலைத்தான் உதாரணம் காட்டுவேன். பருத்தி இழை ஒரு ரயில் பெட்டி. இடம் பிடித்து உட்கார்ந்துவிட்ட சாயம் இனி இறங்காது. ஆனால் ஏறிய எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை. ஒரு பங்கு தண்ணீரோடு சேர்ந்துவிட்டு, எதையும் பிடிக்க முடியாமல் நடைவழியில் நிற்கும். பார்வைக்கு அதுவும் நிறந்தான், துணி அடர்த்தியாகத் தெரியும். அதை இறக்கிவிடாமல் காயவைத்தால், அடுத்த மழையிலோ வியர்த்த கையிலோ இறங்கி, உள்ளே இருக்கும் பரிசில் போய் ஏறிக்கொள்ளும். வெள்ளைச் சட்டையைப் பரிசாகக் கட்டிக் கொடுத்து, அது ரோஜா நிறத்தில் அவர்கள் வீட்டில் திறக்கப்பட்டால் எப்படி இருக்கும்?

அலசுவதற்கும் வரிசை இருக்கிறது. முதலில் பச்சைத் தண்ணீர், துணியில் சோடாவின் வழவழப்பு போகும்வரை. சோடா இருக்கும்போதே சுடுநீரில் போட்டால் பிடித்த நிறமும் ஆடிப்போகும். இறங்கிய நிறம் வெள்ளைப் பகுதியில் கறையாகப் படியும். வழவழப்புப் போன பிறகு கை பொறுக்காத சூட்டில் வெந்நீரும் சிறிது சோப்பும். இதைப் பெரியவர்கள் குச்சியால் கிளறிச் செய்கிறோம். குழாயைத் திறந்துவிட்டு அலசுவதில்லை. வாளியில் மூழ்க வைத்து, அரைமணி நேரம் விட்டு, தண்ணீரை மாற்றுகிறோம். ஓடும் தண்ணீர் துணியின் மேலே போகும். நின்ற தண்ணீர் இழைக்குள் இருப்பதை வெளியே இழுக்கும். தண்ணீர் செலவும் வெகுவாகக் குறையும், உப்பு ஏறிய ஊரில் அது சின்ன விஷயமில்லை. ஒவ்வொரு வாளியிலிருந்தும் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்துச் சுவரோரம் வரிசையாக வைப்போம். முதல் தம்ளர் கள்ளு மண்டி மாதிரி கலங்கி, கடைசித் தம்ளர் தெளிந்து நிற்கும்வரை வேலை முடியாது. கடைசியாகக் கைக்குட்டைச் சோதனை: ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து அழுத்தித் தேய்த்தால் நிறம் ஒட்டக்கூடாது. ஒட்டினால் மறுபடி வெந்நீர். அழுதுகொண்டே போன பிள்ளைகள் உண்டு. விடமாட்டேன்.

அந்தத் தம்ளர் வரிசையைப் பார்த்துத்தான் ஒரு நாள் அந்தக் கேள்வி வந்தது. "இந்தக் கலர் தண்ணிய எங்க ஊத்துவீங்க?" தொழிற்பேட்டைப் பக்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி இயல்பாக வருகிறது. மழை பெய்ததும் ஓடை ஏன் நுரைக்கிறது என்று வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். நான் மழுப்பவில்லை. திருப்பூரில் நொய்யல் ஆறு சாயக்கழிவால் எப்படிக் கெட்டது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீர் பயிருக்கு ஆகாமல் எப்படிப் போனது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை எப்படி வந்தது என்று சொன்னேன். நாம் செய்வது வாளிக் கணக்கு. அவர்கள் செய்தது ஆற்றுக் கணக்கு. ஆனால் வாளியில் இருப்பதும் அதே சாயம், அதே சோடா. எனவே எங்கள் தண்ணீர் ஏரிக்கோ கிணற்றோரத்துக்கோ செடிக்கோ போவதில்லை. வினிகர் சேர்த்துச் சோடாவின் காரத்தைத் தணித்து, கழிப்பறைத் தொட்டிக்குத்தான் போகிறது. பொடியைக் குறைவாகத் தூவுவதுதான் இன்னும் நல்ல வழி. அந்த உரையாடலுக்குப் பிறகு பிள்ளைகளே "போதும் போதும்" என்று முன்னதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பொடி குறைந்ததால் துணியில் வெள்ளை அதிகம் மிஞ்சி, நிறங்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. துணிகள் முன்னைவிட அழகாகவே வருகின்றன.

கட்டுவது எளிது. பொருளின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு, துணியின் மூலைக்கு மூலை இருக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் சதுரத்துக்கு மூலைவாட்டம் சுமார் 70. நோட்டுப் புத்தகமோ கதைப்புத்தகமோ தாராளமாக அடங்கும். இனிப்புப் பெட்டிக்கு 75, 90 சென்டிமீட்டர் சதுரம் வேண்டும். ஜப்பானில் இதற்கு ஃபுரோஷிகி என்று பெயர்; அங்கேயும் பிளாஸ்டிக் பை வந்து அந்தப் பழக்கத்தைத் தள்ளிவிட, 2006-இல் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே அதை மீண்டும் பரப்ப முன்வந்தார். ஆனால் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடச் சொல்லித் தந்தவர்கள் அவரவர் பாட்டிமார்தான். துண்டில் அரிசி கட்டி, முந்தியில் காசு முடிந்து, வேட்டியில் பலகாரம் பொதிந்து ஊருக்குப் போன கைகள். இழுத்தால் அவிழாது, ஒரு முனையைத் தள்ளினால் சட்டென்று அவிழும் முடிச்சு ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டி அதைப் போட்டுக் காட்டியபோது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

செங்கல் சூளைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஒடிசாக்காரி, எங்களோடு ஒரு பருவம் இருந்தாள். சூளை வேலை மழைக்கு முன் முடிந்ததும் ஜூனில் ஊர் திரும்புவார்கள். தன் பாட்டிக்கு இரண்டு வளையலை நீலமும் துருநிறமுமான துணியில் கட்டினாள். கட்டிவிட்டு, "துணி திரும்பி வராதே" என்று கவலைப்பட்டாள்; எங்கள் துணிகள் சுற்றி வருவதை அவள் பார்த்திருந்தாள். உன் துணி உன்னோடு போகட்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

சுற்றி வருவது எப்படி என்று சொல்ல வேண்டும். பரிசைப் பிரித்தவர்கள் துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டால் ஜிகினாத் தாளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை; ஒருமுறை மட்டும் பயன்பட்ட துணி, விளைந்த பருத்திக்கும் செலவான தண்ணீருக்கும் அநியாயம். இதற்கு வழி எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த பாத்திரத்தை நாம் வெறுமனே திருப்பித் தருவதில்லை. கழுவி, நாலு முறுக்கோ ஒரு பிடி சர்க்கரையோ போட்டுத்தான் தருவோம். துணிக்கும் அதுவே வழக்கம் என்று பிள்ளைகள் வீடுவீடாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். கொய்யா, கமர்கட்டு, கதைப்புத்தகம், ஒருமுறை பொட்டலம் கட்டிய கருவாடு என்று துணி எதையாவது சுமந்துகொண்டு திரும்புகிறது. (கருவாட்டுத் துணியை மூன்று முறை துவைத்தோம்.)

திரும்பி வந்த துணி யாருக்குச் சொந்தம் என்று சண்டை வந்தது. சாயம் போட்டவளா, பரிசு வாங்கியவனா, கொய்யா போட்டுத் திருப்பி அனுப்பிய வீடா? நான் தலையிடவில்லை. பஞ்சாயத்து ஒரு சாயங்காலம் முழுதும் நடந்து, பிள்ளைகளே ஒரு சட்டம் போட்டார்கள். துணியில் பரிசு கட்டிக் கொடுக்கிற ஒவ்வொருவரும் ஒரு மூலையில் தனக்குப் பிடித்த நிற நூலால் ஒரு சிறு தையல் போட வேண்டும். நான்கு மூலையும் நிரம்பும்வரை துணி யாருக்கும் சொந்தமில்லை. நான்காவது தையலோடு அது யார் கைக்குப் போய்ச் சேருகிறதோ அவருக்கே நிரந்தரம். இப்போது மூன்று மூலை நிரம்பிய துணிகள் ஐந்தாறு ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றை எப்படியாவது தன் பிறந்தநாளுக்கு வரவைத்துவிட வேண்டும் என்று போல்ட்டு முடுக்குகிறவரின் மகன் மும்முரமாக ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறான்.